மாப்பிள்ளைமார் தெருவில் நின்ற ஊர்

உன் கணினியை உன் உம்மா ஒரு சாரத்தில் சுற்றிக் கட்டி, ஓட்டோவில் மடியில் வைத்தபடி மருதமுனையிலிருந்து சாய்ந்தமருதுக்குக் கொண்டுவந்தார். விறாந்தையில் இறக்கிவைத்துவிட்டு மூச்சு வாங்கினார். நான் பக்கத்து மூடியைக் கழற்றினேன். உள்ளே காற்றாடி முழுக்க நூல் பஞ்சு. சிவப்பு, நீலம், கொஞ்சம் மஞ்சள். உங்கள் வீட்டுத் தறியிலிருந்து இத்தனை வருடமும் பறந்து வந்து படிந்தது. துடைத்தது போதும் என்று மின்சாரத்தைக் கொடுத்தேன். மிச்சமிருந்த பஞ்சு சூடாகி ஒரு மணம் வந்தது. உன் அறைக் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் அதே மணம். 

மாமிக்கு, உன் உம்மாவுக்கு, அந்த மணம் தெரியவில்லை. அவருக்கு அது வீட்டு மணம்.

"இது இனிக் கன நாளைக்கி இழுக்காது மகள். போன கிழமை ரெண்டு தரம் தானா நிண்டு போச்சி. உள்ளுக்க அவட ஊரு இரிக்கி. அத எடுத்து வேற ஒண்டுல போட்டுத் தா."

"எந்த ஊர் மாமி?"

"தெரியாத மாதிரிக் கேக்காத புள்ள. நீயும் சேந்துதானே கட்டின."

கட்டியது நீ. நான் பக்கத்துக் கதிரையில் இருந்து கொய்யாப்பழம் தின்றேன். ஆனால் மாமியோடு அதற்கெல்லாம் வாதாட முடியாது.

அந்த ஊரை முதன்முதல் நீ எனக்குக் காட்டியது நாம் உயர்தரம் படித்த வருடம். நீ காக்கா என்று கூப்பிடும் உன் அண்ணன் கத்தாருக்குப் போகும்போது விட்டுப்போன பழைய கணினி, அதில் ஒரு பழைய விளையாட்டு. ஒரு வெறும் நிலத்தைத் தருவார்கள். அதில் வீடு கட்டி, வயல் செய்து, ஆட்களைக் குடியேற்றி ஊராக்க வேண்டும். ஐரோப்பிய ஊர். கோதுமை விளையும், பனி கொட்டும், ஓநாய் வந்து ஆட்டைத் தின்னும். நீ அதை ஒரு வாரம் விளையாடினாய். பிறகு ஒரு நாள் வகுப்பில் என் கொப்பியின் ஓரத்தில் எழுதினாய்: "இந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஆள் ஒருவரும் இல்லை."

அப்படித் தொடங்கியதுதான் உன் கருவி. விளையாட்டுக்குள் இருக்கும் படங்களையும் விதிகளையும் மாற்றுகிற ஒரு சிறு மென்பொருள். உலகத்தில் அந்த விளையாட்டின் ரசிகர்கள் பலர் இப்படிக் கருவிகள் செய்து, ஒரு ஃபோரத்தில் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். விளையாட்டைச் செய்தவர்கள் அதை எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். ரசிகர்கள்தான் அதற்கு ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு ஓட வைத்துக்கொண்டிருந்தார்கள். நீ உன் கருவிக்கு 'வட்டைவிதானை' என்று பெயர் வைத்தாய். வயல் வட்டைக்குத் தண்ணீர் விடுவதையும் வேலி காவலையும் பார்க்கும் பெரியவரின் பதவிப் பெயர். ஃபோரத்தில் ஒருவராலும் அதைச் சொல்ல முடியவில்லை என்பது உனக்குப் பெரிய சந்தோஷம்.

கோதுமை நெல்லானது. பனிக்காலம் மாரியானது. ஓநாயை என்ன செய்வது என்று மூன்று நாள் யோசித்தாய். இறக்காமத்தில் உன் மாமாவின் வயலை யானை மிதித்த செய்தி வந்த அன்று அந்தக் கேள்வி தீர்ந்தது. ஆனால் விளையாட்டில் ஓநாயின் படத்துக்கு ஒதுக்கிய சதுரம் சின்னது. அதற்குள் யானை அடங்க வேண்டும். உன் முதலாவது யானை வேலியைத் தாண்டி வந்தபோது அது ஆட்டுக்குட்டியின் அளவில் இருந்தது. நான் சிரித்ததில் கொய்யாப்பழம் புரைக்கேறிவிட்டது.

"சிரிக்காதடி. தூரத்துல நிக்கிது. கிட்ட வந்தாப் பெரிசாகும்" என்றாய்.

கிட்ட வந்தது. பெரிதாகவில்லை. நெல்லைத் தின்றுவிட்டு ஓநாயின் குரலில் ஊளையிட்டது.

இதெல்லாம் வேடிக்கை. நீ உண்மையில் மினக்கெட்டது கலியாணத்துக்கு. அந்த விளையாட்டில் ஒரு பையனுக்கும் பெண்ணுக்கும் கலியாணம் நடந்தால், பெண் தன் சாமான்களைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விடுவாள். நீ அதைப் பார்த்தபடி இருந்தாய். "இவ எங்க போறா?" என்று கேட்டாய், உண்மையாகவே விளங்காதவளைப் போல. நம் பக்கத்தில் எந்தப் பெண் அப்படிப் போயிருக்கிறாள்? வீடு பெண்ணுடையது. மாப்பிள்ளைதான் ஒரு பெட்டியோடு வந்து சேருவார். என் வாப்பா வந்தார், உன் வாப்பா வந்தார். தாயும் மகள்மாரும் ஒரே வளவில் வரிசையாக வீடு கட்டி இருக்கிற தெருக்களில்தான் நாம் இரண்டு பேரும் வளர்ந்தோம்.

அந்த விதியைப் புரட்டிப்போட உனக்கு ஐந்து மாதம் எடுத்தது. விளையாட்டு பெண்ணை அனுப்பும். உன் கருவி பக்கத்தில் விழித்திருந்து, அவள் படியிறங்கி முடிக்கும்வரை அரை விநாடி பொறுத்து, அவளையும் மாப்பிள்ளையையும் சேர்த்துப் பெண் வீட்டுக்குத் திருப்பிவிடும். முதல் மாப்பிள்ளை பெண் வீட்டு வாசலுக்குள் நுழைந்தபோது நீ எழும்பி நின்று குரவை போட்டாய். தறியை நிறுத்திவிட்டு மாமி ஓடிவந்தார்.

"என்னடி, யாருக்குக் கலியாணம்?"

"இவருக்கு" என்று திரையில் இருந்த ஒரு தொப்பிக்காரனைக் காட்டினாய்.

மாமி குனிந்து பார்த்தார். "வடிவான மாப்பிள்ள. என்ன தொழில்?"

"வேலி அடைக்கிற."

"பரவாயில்ல, யான வாற ஊருதானே" என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போனார்.

ஃபோரத்தில் நீ கருவியைப் போட்ட மறுநாளே ஒருவர் பிழை அறிவித்தார்: கலியாணம் முடிந்ததும் ஆண்கள் வீட்டை விட்டுப் போய்விடுகிறார்கள், திருத்தவும். நீ பதிலைத் தமிழில் சொன்னாய், நான் ஆங்கிலத்தில் எழுதினேன். அதுதான் நம் ஏற்பாடு. உன் பெயரில் வந்த அத்தனை பதில்களும் என் ஆங்கிலம். என் பெயரில் அங்கே ஒரு கணக்குக்கூட இல்லை. எனக்கு அப்படி இருப்பதுதான் வசதியாக இருந்தது. "பிழை எண்டு செல்றவர முதல்ல எங்கட ஊருக்கு வந்து பாக்கச் செல்லு" என்றாய். நான் அதைக் கொஞ்சம் மரியாதையாக்கினேன்.

அதே நாட்களில் நீ சொன்ன இன்னொன்றும் நினைவிருக்கிறது. உனக்கு மூத்த ராத்தாவுக்குக் கலியாணப் பேச்சுக் கால் நடந்துகொண்டிருந்தது. "வீடு எங்கட பேரில இரிக்கிறது நல்லம். அத ஒருத்தன் கேட்டு வாங்கிறதுதான் நல்லமில்ல." அதனால் உன் ஊரில் எந்த மாப்பிள்ளையும் எதுவும் கேட்கமாட்டான். கேட்பதற்கு அவனுக்கு ஒரு பொத்தானை நீ வைக்கவேயில்லை.

பிறகு கணினிக்கு விண்டோஸ் ஏழு போட்டார்கள். எக்ஸ்பியில் நன்றாக ஓடிய கருவி, அதில் ஒரு விசித்திரமான வேலை செய்தது. நெல்லைக் கோதுமையின் இடத்தில் வை என்று சொன்னால், வைத்தேன் என்று சொல்லும். திறந்து பார்த்தால் கோதுமைதான் நிற்கும். திரும்ப வை என்றால், வைத்தேன் என்று திரும்பவும் சொல்லும். நான்கு நாள் நீ சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் வரவில்லை என்று மாமி என்னிடம் முறைப்பாடு வைத்தார். ஐந்தாம் நாள் கண்டுபிடித்தாய். புதிய இயங்குதளம், கோப்புகள் வைக்கும் தன் முக்கியமான அடைவுகளுக்குள் பழைய மென்பொருள்கள் எழுதுவதை விரும்புவதில்லை. தடுத்தால் அவை விழுந்துவிடும் என்பதால், எழுதியதை வாங்கி வேறொரு மறைவான அடைவில் வைத்துவிட்டு, எழுதியாயிற்று என்று சொல்லிவிடும். அங்கே போய்ப் பார்த்தால் உன் நெல் எல்லாம் அடுக்கடுக்காக இருந்தது.

"எழுதாத எண்டு செல்லல்ல பாருடி. எழுதினாய் எண்டு செல்லிட்டு, எடுத்து வேற அறைக்குள்ள வெச்சிரிக்கான். எங்கட மாமிமார் மாதிரி."

நான் நிறையப் படிப்பவள் என்று பெயர். ஆனால் அந்த நான்கு நாளும் நீ எடுத்த பொறுமையோடு நான் எந்தப் புத்தகத்தையும் படித்ததில்லை. பழைய ஒன்றைப் புதியதில் ஓட வைப்பதற்கு, பழையது எதை நம்பிக்கொண்டிருந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றாய். ஒவ்வொரு மென்பொருளும் தனக்குத் தெரியாமலே எதையோ நம்பிக்கொண்டிருக்கும். அது இல்லாமற் போகும்போதுதான் தெரியவரும்.

நீ போய் இரண்டு வருடமாகிறது. காய்ச்சல் என்றார்கள், டெங்கு என்றார்கள், ஐந்து நாள். மூன்றாம் நாள் வைத்தியசாலைக் கட்டிலிலிருந்து எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினாய். உன் குரல் களைத்திருந்தது. சொன்ன விஷயம் மட்டும் உன் விஷயம்தான். "ஊர சேவ் பண்ணல்லடி. உம்மாட்டச் செல்லு, கொம்பியூட்டர நிப்பாட்ட வேணாம் எண்டு."

நான் சொன்னேன். மாமி நிறுத்தவில்லை. வீடு நிறைய ஆட்கள் வந்து, ஓதி, அழுது, போன நாளெல்லாம் உன் அறைக்குள் அந்தக் காற்றாடி சுற்றிக்கொண்டே இருந்தது. யாரோ ஒருவர் நிறுத்தப் போனபோது மாமி எழும்பி வந்து கையைப் பிடித்தாராம். அந்தக் கிழமை முழுக்க எங்கள் பக்கத்தில் ஒரு முறைகூட மின்சாரம் போகவில்லை. உன்னை அடக்கம் செய்த மூன்றாம் நாள் நான் போய் உன் கதிரையில் இருந்து, சேமிக்கும் பொத்தானை அழுத்தினேன். ஊரில் மாரி. நெல் பச்சையாக நின்றது. அல்லாஹ் உன் கபுறுக்குழியை விசாலமாக்கட்டும். நான் அன்று வேறொன்றும் செய்யவில்லை.

இனி இந்த வருடத்துக் கதை.

ஊர் ஒரு கோப்பு. அதைப் பென் டிரைவில் எடுத்து என் மடிக்கணினியில் போட ஒரு நிமிடம் போதும். ஆனால் அதைத் திறக்க உன் கருவி வேண்டும். நெல் என்றால் என்ன, சின்ன யானை என்றால் என்ன என்று அந்த ஐரோப்பிய விளையாட்டுக்குத் தெரியாது. விளையாட்டு என் மடிக்கணினியின் விண்டோஸ் பதினொன்றில் ஓடியது. கருவி ஓடவில்லை. நீ பயன்படுத்திய ஒரு பழைய துணைக்கோப்பு இல்லை என்றது. தேடிக் கொண்டுவந்து வைத்தேன். பழைய விண்டோஸைப் போல நடி என்று புதியதற்குச் சொல்ல ஒரு வசதி இருக்கிறதே, அதையும் போட்டேன். இரண்டு விநாடி நடித்தது. பிறகு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. இதற்கிடையில் உன் பழைய கணினி விறாந்தை அறையில் இன்னொரு தடவை தானாக நின்றுபோனது. திரும்ப எழுப்ப அரை நாள் எடுத்தது. அது முற்றாக நிற்கும் முன் நான் முடிக்காவிட்டால் உன் ஊர் யாராலும் திறக்க முடியாத ஒரு கோப்பாகிவிடும்.

ஃபோரத்தில் போய்த் தேடினேன். ஒரு நல்ல மனிதர், எந்த நாடென்று தெரியாது, உன் கருவியைப் புதிய விண்டோஸுக்கு ஏற்றபடி திருத்திப் போட்டிருந்தார். நன்றி சொல்லக்கூட எனக்கு அங்கே கணக்கில்லை. இறக்கினேன். ஓடியது! உன் ஊர் திறந்தது. பள்ளிவாசல், குளக்கட்டு, நீ வரிசையாக அடுக்கிய வளவுகள். நான் மாமிக்குப் போன் பண்ண எண்ணைத் தேடிக்கொண்டிருந்தபோது அறுவடை முடிந்து ஊரில் ஒரு கலியாணம் நடந்தது. பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு இறங்கினாள். அடுத்தது இன்னொருத்தி. அந்த நல்ல மனிதர், திருத்தியவற்றின் பட்டியலில் ஒரு வரி எழுதியிருந்தார்: ஆண்கள் வீட்டை விட்டு வெளியேறும் பிழை நீக்கப்பட்டது.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ தாயின் வீட்டுக்குப் பக்கத்தில் ஒவ்வொரு மகளுக்கும் கட்டிய வீடுகள் ஒன்றொன்றாக இருட்டின. கோபம் வரவில்லை. அவர் பிழையைத்தான் திருத்தினார், அவருக்குத் தெரிந்தவரை. சேமிக்காமல் மூடினேன்.

வேறு வழியில்லை. உன் நிரலை நானே திறந்தேன். டியூஷன் வகுப்பில் நாம் சேர்ந்து படித்த மொழிதான். நீ படித்தாய், நான் பக்கத்தில் கதைப்புத்தகம் வாசித்தேன். இப்போது அதை முதலிலிருந்து படிக்க எனக்கு மூன்று மாதமானது. நூலகத்தில் வேலை முடிந்து வந்து, அஸர் தொழுதுவிட்டு உட்காருவேன். வரிகளுக்கு இடையே ஆங்கில எழுத்துகள் குப்பையாகக் கொட்டிக் கிடந்தன. ஏதோ பழுதடைந்துவிட்டது என்று முதலில் பயந்தேன். பிறகுதான் விளங்கியது: யூனிகோடு வரும் முன் நம் ஊர் அச்சகங்களில் தட்டெழுதிய பழைய எழுத்துருவில் நீ குறிப்பு எழுதியிருக்கிறாய். அந்த எழுத்துருவைப் போட்டதும் குப்பையெல்லாம் உன் குரலானது.

"இஞ்ச கைவைக்காதே, யானை கடலுக்குள்ள போயிரும்."

"இது ஏன் வேலை செய்யுது எண்டு எனக்கும் தெரியா."

"இந்த அரை விநாடியைக் குறைச்சா மாப்பிள்ளைமார் தெருவில நிப்பாங்க."

நூலகத்தில் எத்தனையோ பேருடைய ஓரக்குறிப்புகளைப் படித்திருக்கிறேன். சிரித்து அழுதது இதற்குத்தான்.

ஒவ்வொரு பகுதியாகப் புதிய இயங்குதளத்துக்கு ஏற்றபடி எழுதினேன். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த நேரம், கருவி எழும்பியது. மூடிக்கொள்ளவில்லை. உன் ஊர் திறந்தது. மாமியை வரச்சொன்னேன். வட்டிலப்பத்தோடு வந்து என் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டார். ஊரில் கலியாணம் வந்தது. பெண் வாசலில் இறங்கி, திரும்பித் தன் வீட்டுக்குள் போய்விட்டாள். நான் கையைத் தட்டினேன். மாப்பிள்ளை தன் உம்மா வீட்டிலிருந்து புறப்பட்டு, பெண் வீட்டுத் தெருவுக்கு வந்து, வாசலில் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். அடுத்த கலியாணத்து மாப்பிள்ளையும் வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரத்தில் தெருவில் ஏழு பேர். மழை தொடங்கியது.

"ஏன்டி இவனுகள் றோட்டுல நனையிறானுகள்?"

"உள்ளுக்க எடுக்குதில்ல மாமி. பழைய கொம்பியூட்டர் ஆறுதலா வேல செய்யும். இது வேகம் கூட. அரை விநாடி பொறுக்கிற இடத்துல விளையாட்டும் கருவியும் ஒண்டோட ஒண்டு மோதுது." பொறுக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன், குறைத்தும் பார்த்தேன். ஒருமுறை ஐந்து பேர் நின்றார்கள், ஒருமுறை ஒன்பது பேர்.

மாமி வட்டிலப்பத்தைத் தின்றபடி கேட்டார். "வீடு யார்ர பேரில இரிக்கி?"

எனக்கு விளங்கவில்லை.

"அந்த வீடுடி. அவள்ட வீடு. உறுதிப் பத்திரம் யார்ர பேரில?"

விளையாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் உரிமையாளர் என்று ஒரு பெயர் உண்டு. அழுத்திப் பார்த்தேன். "வாப்பாட பேரில மாமி."

"அப்ப எப்பிடி உள்ளுக்க வருவான்? கலியாணத்தண்டைக்கா வீடு எழுதிற? பேச்சு முடிஞ்ச உடனே புள்ளட பேருக்கு எழுதிப்போடணும். உறுதி எழுதாம எந்த மாப்பிள்ள வந்து படியேறுவான்? நல்ல ஆக்கள் ரெண்டு பேரு. ஊர் கட்டினாளுகளாம், உறுதி எழுதத் தெரியா!"

நான் மாமியைப் பார்த்தேன். பிறகு நிரலைப் பார்த்தேன். விளையாட்டின் சொந்த விதியைத் தேடிப் போனேன். அது இருந்தது. கலியாணமானவர்கள், இருவரில் யார் பெயரில் வீடு இருக்கிறதோ அவருடைய வீட்டுக்குப் போவார்கள். விளையாட்டு எப்போதும் ஆண் பிள்ளை பெயரில் எழுதியதால்தான் பெண்கள் பெட்டியைத் தூக்கினார்கள். கலியாணத்துக்கு முந்தியே மகள் பெயரில் எழுதிவிட்டால், பொறுக்கவும் வேண்டாம், திருப்பவும் வேண்டாம், மோதலும் இல்லை.

நாம் செய்த பிழை இதுதான். நமக்கு அப்போது பதினெட்டு வயது. கலியாண வீடு என்றால் நாம் கண்டது மாப்பிள்ளை வந்திறங்குவதையும் குரவையையும்தான். அதைத்தான் நீ நிரலாக எழுதினாய். உறுதி எழுதும் நொத்தாரிசு கந்தோரில் ஒரு காலைப் பொழுதில் உம்மாமாரும் வாப்பாமாரும் போய் ஒப்பமிட்டு வருவது நம் கண்ணில் பட்டதேயில்லை. பழைய கணினியின் மெதுவான நடையை நம்பித்தான் உன் மாப்பிள்ளைகள் பத்து வருடமாகப் படியேறிக்கொண்டிருந்தார்கள்.

அதை மாற்ற ஒரு மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. திரும்ப ஓட்டினேன். தெருவில் நின்ற ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். மாமி ஒவ்வொருவரையும் எண்ணி அனுப்பினார். "போ வாப்பா, போ. தலையத் துவட்டு." கடைசி ஆளும் போனபின் தெரு வெறுமையானது.  "இந்த ஊரக் கட்டினவட வீட்டுக்கும் அப்பிடித்தான். கூரை போட முந்தியே எழுதியாச்சி" என்றார் மாமி. பிறகு வட்டிலப்பத்துக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். "தின்னு. நீ ஒண்டும் தின்னல்ல."

திருத்திய கருவியை ஃபோரத்தில் போட வேண்டும் என்று மாமி சொல்லவில்லை. நானே இரண்டு நாள் யோசித்தேன். ஊர் காப்பாற்றப்பட்டுவிட்டது, எனக்கு அங்கே வேறு வேலையில்லை. ஆனால் அங்கே கிடப்பது பெண்கள் பெட்டி தூக்கும் பதிப்பு. யாராவது உன் பெயரில் அதை இறக்குவார்கள். எனக்கென்று ஒரு கணக்குத் திறந்தேன். செய்தவர் என்ற இடத்தில் உன் பெயர், பராமரிப்பவர் என்ற இடத்தில் என் பெயர். என் பெயரை அத்தனை பேர் பார்க்கும் இடத்தில் எழுதியது அதுதான் முதல் தடவை. எழுத்துகளை மூன்று தரம் சரிபார்த்தேன், நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். அந்த நல்ல மனிதர் அன்று பின்னேரமே பதில் எழுதினார். அது வழக்கம் என்று தெரியாமல் மாற்றிவிட்டதற்கு மன்னிப்புக் கேட்டு, தன் பதிப்பை எடுத்துவிட்டார். பிறகு, உன் யானை ஏன் அவ்வளவு சின்னது என்று கேட்டார். அதற்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.

உன் பழைய கணினி அதற்கடுத்த கிழமை நின்றுபோனது. இம்முறை எழும்பவில்லை. மாமி அதற்குப் பெரிதாகக் கவலைப்படவில்லை. அவருடைய கவலை வேறு. ஊரைப் பார்க்க ஒவ்வொரு வெள்ளியும் சாய்ந்தமருதுக்கு வரவேண்டியிருக்கிறது.

"இத என்ட போன்ல போட ஏலாதா?"

"ஏலா மாமி. அது விண்டோஸ் இல்ல. முழுக்க வேற."

"அப்ப அதுக்கும் ஏத்த மாதிரி எழுது."

"லேசில்ல மாமி."

"லேசு எண்டு நான் செல்லல்லியே."

நான் சிரித்து மழுப்பினேன். அடுத்த வெள்ளி திரும்பக் கேட்டார். அதற்கடுத்த வெள்ளி கேட்கவில்லை. போனை மட்டும் என் மேசையில் வைத்துவிட்டு வட்டிலப்பத்தைப் பிரித்தார். அதனால் இப்போது போன்களின் இயங்குதளத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அங்கே எல்லாமே வேறு. எழுத விடாத அறைகள் இன்னும் கூட. உன் கருவி தனக்குத் தெரியாமல் நம்பிக்கொண்டிருந்த இன்னும் எத்தனையோ விஷயங்கள் அங்கே இல்லை. ஒவ்வொன்றும் இல்லாதது தெரியவரும்போது, அதை முதலில் எழுதிய அன்று நீ என்ன நினைத்திருப்பாய் என்று யோசித்துப் பார்க்கிறேன். சில வேளை கண்டுபிடித்துவிடுகிறேன். நீ இருந்த காலத்தில் உன்னை இவ்வளவு கவனமாக நான் வாசித்ததில்லை.

இத்தனை நாளும் போனில் கருவியின் படத்தைத் தொட்டால் உடனே மூடிக்கொள்ளும். நேற்றுப் பின்னேரம் மூடவில்லை. திரை கறுப்பானது. கறுப்பாகவே நின்றது, ஒரு நிமிடத்துக்கு மேல். ஊர் தெரியவில்லை, நெல் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. ஆனால் உள்ளே ஏதோ ஒன்று எழும்பி ஓடிக்கொண்டிருக்கிறது.

மாமியிடம் இன்னும் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.